கணவருக்கு வெளிநாட்டு மாற்றல்: ஜெர்மனி, கனடா, சிங்கப்பூர், இதில் எங்கே போனால் என் வேலை பிழைக்கும்?

கம்பிக்கட்டு:

வணக்கம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ட்ரக்சுரல் டிசைன் இன்ஜினியர். பத்து வருடத்துக்குப் பக்கமாக இதே வேலைதான், பெரும்பாலும் கான்கிரீட் அடுக்குமாடிகள், அவ்வப்போது தொழிற்சாலைக் கொட்டகைகள். இப்போது ஒரு சின்ன டீமுக்கு லீட். கணவர் மென்பொருள் துறை. அவர் கம்பெனி வெளிநாட்டு அலுவலகத்துக்கு மாற்றுகிறது. ஜெர்மனி, கனடா, சிங்கப்பூர், எது வேண்டும் என்று நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்று அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள்.

அவருக்கு மூன்றுமே சரிதான், அங்கே போய் லேப்டாப்பைத் திறந்தால் அதே வேலை. சிக்கல் எனக்குத்தான். சம்பளம், வாடகை, குளிர், மகளின் பள்ளி என்று எல்லாவற்றையும் அலசி முடித்துவிட்டோம், என் வேலை என்று வரும்போது மட்டும் "இன்ஜினியர்தானே, அங்கே கிடைக்காமலா போகும்" என்று ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடுகிறது. தேடிப் பார்த்தால் கிடைப்பதெல்லாம் ஐடி ஆட்களுக்கான அறிவுரை, இல்லையென்றால் ஏஜென்சி விளம்பரம்.

என் துறையில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோடு புத்தகம் (கட்டட வடிவமைப்பு விதிகள்), ஒரு லைசென்ஸ், ஒரு மொழி. நான் கையெழுத்துப் போட்டால் இங்கே செல்லும், அங்கே செல்லாது. மறுபடி டிராயிங் போடும் வேலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா? இல்லை, இப்போதைய அலுவலகத்திடம் பேசி அங்கிருந்தே ஆன்லைனில் இந்த வேலையைத் தொடரலாமா? போவதற்கு முன்னால் நான் செய்து வைக்க வேண்டியது என்ன? போய்வந்தவர்கள், அங்கேயே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். ஐடி ஆட்களும் சொல்லலாம், கோபமில்லை.


வடக்குவாசல்:

நாட்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் விசாவைப் பாருங்கள். அவருடைய விசாவை இல்லை, உங்களுடையதை. துணையாகப் போகிறவர் வேலை பார்க்கலாமா கூடாதா என்பது நாட்டுக்கு நாடு தலைகீழாக இருக்கிறது, ஆனால் கம்பெனியின் எச்ஆர் ஆள் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார், ஏனென்றால் அவருக்கு வேண்டியது உங்கள் கணவர் மட்டும்தான்.

சிங்கப்பூரில் முன்பு டிபென்டன்ட் பாஸில் (துணைவர் விசா) இருப்பவர்களுக்கு ஒரு ஒப்புதல் கடிதம் வாங்கினால் போதும், வேலைக்குப் போகலாம். 2021 மே 1 முதல் அது போச்சு. இப்போது உங்களை எடுக்க விரும்பும் கம்பெனி உங்களுக்கென்று தனியாக எம்ப்ளாய்மென்ட் பாஸோ எஸ் பாஸோ, அதாவது வேலை விசா, வாங்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குச் சம்பளம், படிப்பு, அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே எந்த நாட்டுக்காரர்கள் எத்தனை பேர் என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடும் முறையும் வந்துவிட்டது. ஆக, கணவரோடு போவதால் வேலை தேடுவதில் உங்களுக்குச் சலுகை எதுவும் இல்லை, வெளியிலிருந்து விண்ணப்பிக்கும் ஆளும் நீங்களும் ஒன்றுதான்.

ஜெர்மனி இதற்கு நேரெதிர். கணவர் புளூ கார்டில் (படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை விசா) போனால் உங்கள் குடும்ப விசாவிலேயே எந்த வேலையும் பார்க்கலாம் என்று அச்சடித்து வந்துவிடும், சொந்தத் தொழில்கூடச் செய்யலாம். மற்ற துணைவர்களிடம் கேட்கும் ஏ1 (மொழித் தேர்ச்சியில் முதல் படி) ஜெர்மன் சான்றிதழும் புளூ கார்டுக்காரரின் மனைவிக்குத் தேவையில்லை. (அதற்காக ஜெர்மன் படிக்காமல் போய் இறங்கிவிடாதீர்கள், அது வேறு கதை.)

கனடாவில் துணைவருக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்க விடும் ஓப்பன் ஒர்க் பெர்மிட் உண்டு, ஆனால் 2025 ஜனவரி 21 முதல் எல்லாருக்கும் கிடையாது. வேலையைப் பொறுத்து தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள், அதில் மேல் இரண்டு தரங்களும், அதற்குக் கீழே தேர்ந்தெடுத்த சில வேலைகளும்தான். மென்பொருள் இன்ஜினியர் மேல்தரத்தில் வந்துவிடுவார். இன்னொரு நிபந்தனை, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அவருடைய பெர்மிட்டில் குறைந்தது 16 மாதம் பாக்கி இருக்க வேண்டும். "அவர் முதலில் போய் செட்டில் ஆகட்டும், நான் அப்புறம் வருகிறேன்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: அமெரிக்காவில் எச்-4 (துணைவர் விசா) என்றால் கணவரின் கிரீன் கார்டு வேலைகள் ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் வேலை அனுமதி, அது 2015ல் வந்த விதி. ஜப்பானில் துணைவர் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான். பிரிட்டனில் ஸ்கில்டு ஒர்க்கரின் துணைவர் அநேகமாக எந்த வேலையும் பார்க்கலாம். இந்த விதிகள் அடிக்கடி மாறும், டிக்கெட் போடுவதற்கு முன் அந்தந்த அரசின் தளத்தில் ஒருமுறை நேரடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், யூடியூப்பில் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. "மாற்றல்" என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த மாதிரி மாற்றல்? ஜெர்மன் கிளையோடு புது ஒப்பந்தம் போட்டு புளூ கார்டு எடுப்பது ஒன்று, பழைய கம்பெனியின் ஆளாகவே இருந்துகொண்டு ஐசிடி கார்டில் போவது இன்னொன்று. இரண்டிலும் நீங்கள் வேலை பார்க்கலாம், ஆனால் ஐசிடி கார்டு மேனேஜருக்கும் நிபுணருக்கும் அதிகபட்சம் மூன்று வருடம்தான், அப்புறம் மூட்டை கட்ட வேண்டியதுதான். நீங்கள் மொழி படித்து, வேலை பிடித்து, நிமிர்ந்து உட்காரும் நேரத்தில் அவருடைய காலம் முடிந்திருக்கும். எது என்று இன்றைக்கே கேளுங்கள்.


மூன்றாம்மாடி:

ஆஹா, நம்ம துறை ஆள்! நானும் ஸ்ட்ரக்சுரல்தான், ஜெர்மனியில் ஒரு நடுத்தர டிசைன் அலுவலகத்தில் இருக்கிறேன், நானும் துணைவர் விசாவில் வந்தவன்தான் (மனைவி ஆராய்ச்சி).

நேராகச் சொல்கிறேன், இங்கே கட்டடத் துறையில் ஆள் தட்டுப்பாடு நிஜம். ஆனால் ஜெர்மன் இல்லாமல் வேலை கிடைப்பது ரொம்பக் கஷ்டம். ஐடி மாதிரி ஆங்கிலத்தில் ஓட்ட முடியாது. ஏன் என்றால் நாம் கொடுக்கும் கணக்கு அறிக்கையே ஜெர்மனில்தான், அதைச் சரிபார்க்க பிரூஃப் இன்ஜினியர் என்று தனியாக ஒருவர் வருவார், அவர் பக்கம் பக்கமாகக் கேள்வி எழுதி அனுப்புவார், சைட்டில் கம்பி கட்டுகிறவர் போன் பண்ணி "இந்த பீமில் இந்த ஓட்டையை எங்கே போட" என்று கேட்பார். அதற்கெல்லாம் பதில் சொல்ல பி2 (ஏ1, ஏ2, பி1க்கு அடுத்த நாலாவது படி) வேண்டும். பி1ல் எடுக்கும் அலுவலகங்களும் உண்டு, அங்கே முதல் வருடம் உங்களை மாடலிங், கணக்கு என்று மீட்டிங்குகளுக்கு வெளியே வைத்திருப்பார்கள், அது பரவாயில்லை, காது பழகிவிடும்.

வேலை தேடும்போது "ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்" என்று தேடினால் பாதி விளம்பரம் கண்ணில் படாது. டிராக்வெர்க்ஸ்பிளானுங் என்று தேடுங்கள், அதுதான் நம் வேலைக்கு இங்கே பெயர், பேச்சு வழக்கில் ஸ்டாட்டிக்கர். எல்லாரும் பெரிய கம்பெனிகளுக்கே போடுகிறார்கள், ஆனால் கட்டட டிசைனில் இருபது, முப்பது பேர் உள்ள சின்ன அலுவலகங்கள்தான் ஊருக்கு ஊர் நிறைய. அவர்களுக்கு எச்ஆர் கிடையாது, முதலாளியே மெயிலைப் படிப்பார், நம் படிப்பையும் பார்ப்பார், வேலையையும் பார்ப்பார்.

அந்த மெயிலில் என்ன வைப்பது என்பதுதான் முக்கியம். ரெஸ்யூமேயில் "ஜி பிளஸ் பதினாலு, ஈடாப்ஸ்" என்று மாடிக் கணக்கையும் மென்பொருள் பெயரையும் மட்டும் எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. உங்கள் பழைய கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் (உரிமையாளர் பெயர், இடம் எல்லாம் அழித்துவிட்டு), அதில் ஒரு ஸ்லாப், ஒரு தொடர் பீம், ஒரு தூண், ஒரு அடித்தளம், இந்த நாலை மட்டும் யூரோகோடு 2 (ஐரோப்பியக் கோடு புத்தகத்தின் கான்கிரீட் பகுதி) படி மறுபடி கணக்குப் போட்டு, கம்பி டிராயிங்கோடு பத்து பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பிடிஎஃப் ஆக்குங்கள். சுமைக் கூட்டலுக்கு யூரோகோடு 0 மற்றும் 1, கூடவே ஜெர்மன் தேசிய இணைப்பில் உள்ள மதிப்புகள். பனிச்சுமையை மறக்க வேண்டாம், நாம் அதைக் கணக்கில் எடுத்தே பழக்கமில்லை, இங்கே மண்டலம் மண்டலமாக வரைபடம் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு பிடிஎஃப்பைப் பார்த்துத்தான் என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். சுவர் ஓரத்தில் மேல்கம்பியை ஏன் அவ்வளவு தூரம் நீட்டியிருக்கிறீர்கள் என்று அரை மணி நேரம் பேசினோம், சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொரு நல்ல விஷயம், யூரோகோடுகளுக்கே இப்போது இரண்டாம் தலைமுறை வந்துகொண்டிருக்கிறது. கான்கிரீட்டுக்கானது 2023லேயே வெளியாகிவிட்டது, 2028ல் பழையவற்றை விலக்கிவிடுவது திட்டம். அதாவது முப்பது வருடம் இங்கேயே வேலை பார்த்தவரும் திரும்பப் புத்தகத்தைத் திறக்க வேண்டிய காலம் இது. நீங்கள் புதியதை நேராகப் படித்துக்கொண்டு வந்தால் அது உங்களுக்குக் கூடுதல் பலம். அது மட்டுமில்லை, சிங்கப்பூரும் 2015லேயே முழுசாக யூரோகோடுக்கு மாறிவிட்டது, ஆகவே நாளைக்கு இடம் மாறினாலும் படிப்பு வீண் போகாது.

லைசென்ஸ் பற்றிக் கேட்டீர்கள். ஒரு அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்க இங்கே லைசென்ஸ் வேண்டாம். "இன்ஜெனியர்" என்ற பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்ள மட்டும் அந்த மாநில இன்ஜினியர் சபையின் அனுமதி வேண்டும், கையெழுத்துப் போடும் உரிமை அதற்கும் அப்புறம். முதல் சில வருடங்களுக்கு இரண்டும் உங்களைத் தொந்தரவு செய்யாது. உங்கள் பல்கலைக்கழகம் அனாபின் தளத்தில் (வெளிநாட்டுப் பட்டங்களுக்கான ஜெர்மன் பட்டியல்) எச் பிளஸ், அதாவது அங்கீகாரம் உண்டு, என்று இருக்கிறதா, உங்கள் பட்டம் அதில் இருக்கிறதா என்று பார்த்து பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சாப் என்ற அலுவலகத்தில் பட்ட மதிப்பீடு வாங்கலாம். எதைச் செய்வது என்று குழப்பமாக இருந்தால் ஐக்யூ நெட்ஒர்க் என்று அரசு நிதியில் நடக்கும் ஆலோசனை மையங்கள் இருக்கின்றன, பணம் வாங்க மாட்டார்கள்.


போகிறபோக்கில்:

இவ்வளவு யோசித்தால் யாருமே பிளேன் ஏற மாட்டார்கள். போய் இறங்குங்கள், கிடைத்த வேலையில் சேருங்கள், மற்றதெல்லாம் தானாக அமையும். எங்கள் சொந்தத்தில் எத்தனை பேர் அப்படிப் போய் இன்றைக்கு வீடு வாங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.


பனிக்கூரை:

@போகிறபோக்கில், வீடு வாங்கியவர்களில் எத்தனை பேர் படித்த வேலையில் இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள் சார். நான் ஒன்டாரியோவில் இருக்கிறேன், கிடங்கில் பெட்டி தூக்கும் டாக்டர்களையும் இன்ஜினியர்களையும் நேரில் தெரியும். அவர்களைக் குறை சொல்லவில்லை, வாடகை கட்டியாக வேண்டும். ஆனால் அக்கா கேட்டது வாடகைக்கு வழி இல்லை, அது கணவர் சம்பளத்தில் வந்துவிடும், கேட்டது துறையைக் காப்பாற்ற வழி.

அக்கா, கனடாவில் மொழிப் பிரச்சினை இல்லை (கியூபெக் மட்டும் விதிவிலக்கு, அங்கே பிரெஞ்சு வேண்டும்). அதற்குப் பதில் லைசென்ஸ் தொல்லை. மாகாணத்துக்கு மாகாணம் தனி அமைப்பு, "இன்ஜினியர்" என்று போட்டுக்கொள்ளவே பி.எங் என்ற அந்த லைசென்ஸ் வேண்டும். அதில்லாமல் வேலை பார்க்கலாம், லைசென்ஸ் உள்ள ஒருவர் உங்கள் வேலைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவார், உங்கள் பதவிக்குப் பெயர் டிசைனர் என்றோ டெக்னாலஜிஸ்ட் என்றோ இருக்கும். பெயரைப் பார்த்து மனசு விடாதீர்கள், என்ன வேலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

முன்பு ஒன்டாரியோவில் லைசென்ஸ் வாங்கக் குறைந்தது ஒரு வருடம் கனடா அனுபவம் வேண்டும் என்பார்கள், வேலை இல்லாமல் அனுபவம் எப்படி வரும் என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொள்வோம். 2023 மே மாதம் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது 48 மாத இன்ஜினியரிங் அனுபவம், அது எந்த நாட்டில் இருந்தாலும் காட்டலாம், கூடவே சட்டம் மற்றும் தொழில் நெறி பற்றிய ஒரு தேர்வு. 2026 ஜனவரியிலிருந்து 25 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனிகள் பொது வேலை விளம்பரத்தில் "கனடா அனுபவம் தேவை" என்று எழுதவே கூடாது என்று ஒன்டாரியோ சட்டம் சொல்கிறது. இன்டர்வியூவில் மனசுக்குள் நினைப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது, அது வேறு விஷயம்.

அனுபவத்தைக் காட்டலாம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், அதற்கு வேண்டிய தாள்கள் எல்லாம் நீங்கள் இப்போது இருக்கும் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. எந்தத் திட்டம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, நீங்கள் தனியாக முடிவெடுத்தது எது, உங்கள் கணக்கைச் சரிபார்த்த மூத்த இன்ஜினியர் யார், அவருடைய சொந்த மெயில் முகவரி என்ன (அலுவலக மெயில் வேண்டாம், அவரும் வேலை மாறுவார்). "இன்னார் இந்தத் தேதி வரை இங்கே பணியாற்றினார், அவர் வாழ்வு வளம் பெற வாழ்த்துகிறோம்" என்கிற ஒரு பத்திக் கடிதத்தை எங்கேயும் மதிக்க மாட்டார்கள். ஜெர்மனியிலும் செய்த வேலை, செய்த விதம் இரண்டையும் விரிவாக எழுதிய கடிதம்தான் கேட்பார்கள் என்று கேள்வி. வேலையை விடுவதற்கு முன்னாலேயே நீங்களே வரைவு எழுதிக் கொடுத்துவிடுங்கள், மேலாளருக்கு எழுத நேரமிருக்காது, கையெழுத்துப் போட நேரமிருக்கும்.

மதிப்பெண் பட்டியலும் அப்படியே. வெஸ் போன்ற மதிப்பீட்டு அமைப்புகள் பல்கலைக்கழகமே நேராக அனுப்பினால்தான் ஏற்கும், நீங்கள் கையில் கொண்டுபோனது செல்லாது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு பல்கலைக்கழக குமாஸ்தாவுக்குப் போன் போடுவது என்ன பாடு என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்புறம் உங்கள் கல்லூரியின் சிவில் படிப்பு, நீங்கள் முடித்த வருடத்தில் வாஷிங்டன் ஒப்பந்தத்துக்குள் அங்கீகாரம் பெற்றிருந்ததா என்று பாருங்கள். 1989ல் போட்ட ஒப்பந்தம் அது, உறுப்பு நாடுகள் ஒருவர் அங்கீகரித்த இன்ஜினியரிங் படிப்பை மற்றவர் ஏற்பதற்காக. நாடு உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் படிப்பும் வருடமும் பட்டியலில் இருக்க வேண்டும். இருந்தால் வேலை கொஞ்சம் மிச்சமாகலாம், இல்லையென்றால் கூடுதல் தேர்வு எழுதச் சொல்லலாம்.


அரைச்சம்பளம்:

அந்த "அங்கிருந்தே ஆன்லைனில் தொடரலாமா" கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் கணக்குத் துறை, அதனால் நானே சொல்கிறேன்.

தொடரலாம், ஆனால் ரகசியமாக வேண்டாம். நீங்கள் எந்த மண்ணில் உட்கார்ந்து தட்டுகிறீர்களோ அந்த நாட்டுக்கு உங்கள் வரியில் உரிமை வந்துவிடும், சம்பளம் எந்த வங்கிக்கு வந்தாலும் சரி. "183 நாள் வரைக்கும் பிரச்சினை இல்லை" என்று ஒருவர் விடாமல் சொல்வார்கள். அது தற்காலிகமாகப் போய்வருகிறவர்களுக்கான ஏற்பாடு, குடும்பத்தோடு வீடு எடுத்துக் குடியேறியவருக்கு அது கேடயமாகாது. அங்கே சமூகப் பாதுகாப்புச் சந்தா யார் கட்டுவது, உங்களால் உங்கள் அலுவலகத்துக்கே அந்த நாட்டில் வரிக் கடமை வந்துவிடுமா என்றெல்லாம் கேள்வி வரும். அவர்களிடம் சொல்லி, ஃப்ரீலான்ஸ் ஒப்பந்தமாக மாற்றி, அங்கே பதிவு செய்து வரி கட்டிச் செய்வதுதான் சுத்தமான வழி. அப்படி ஆறு மாதம், ஒரு வருடம் ஓட்டினால் ரெஸ்யூமேயில் இடைவெளி விழாது, மொழி வகுப்புக்கும் நேரம் கிடைக்கும். ஆனால் அதிலேயே ஒட்டிக்கொண்டால் அந்த நாட்டு வேலைச் சந்தைக்குள் நீங்கள் நுழையவே மாட்டீர்கள். நான் பார்த்தவரை நிறையப் பேர் இதில் சொகுசாகச் சிக்கிக்கொள்கிறார்கள்.

ஜெர்மனி போனால் இன்னொரு பொறி இருக்கிறது, வரி வகுப்பு. கணவன் மனைவி இருவரில் அதிகம் வாங்குகிறவர் மூன்றாம் வகுப்பும் குறைவாக வாங்குகிறவர் ஐந்தாம் வகுப்பும் எடுத்தால் மாதாமாதம் வீட்டுக்குள் வரும் மொத்தப் பணம் கூடுதலாகத் தெரியும். அதனால் எல்லாரும் யோசிக்காமல் அதையே போடுவார்கள். விளைவு, உங்கள் சம்பளச் சீட்டில் பிடித்தம் போய் மிஞ்சுவதைப் பார்த்தால் அழுகை வரும். "இவ்வளவுதான் வருகிறது என்றால் எதற்கு வேலைக்குப் போக வேண்டும்" என்று வீட்டில் பேச்சு கிளம்பும். உண்மையில் வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்யும்போது இருவர் வரியும் சேர்த்துத்தான் போடுவார்கள், எந்த வகுப்பாக இருந்தாலும் மொத்தம் ஒன்றுதான். ஆனால் வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகை, குழந்தை பிறந்தால் கிடைக்கும் பெற்றோர் தொகை எல்லாம் உங்கள் கைக்கு வந்த சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவது, அங்கே ஐந்தாம் வகுப்பு உங்களை நேராக அடிக்கும். இருவரும் நான்காம் வகுப்பு எடுங்கள், நான்குடன் விகிதம் சேர்க்கும் வழியும் இருக்கிறது.

அப்புறம், சொன்னால் சிலருக்குக் கசக்கும், ஆனாலும் சொல்கிறேன். உங்கள் பெயரில் தனி வங்கிக் கணக்கு வேண்டும். உங்கள் பெயரில் தனி விசாவும் வேண்டும், முடிந்த சீக்கிரம். ஜெர்மனியில் துணைவர் விசாவில் இருக்கும் ஒருவருக்குப் பொதுவாக மூன்று வருடம் அங்கே சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் தனித்துத் தங்கும் உரிமை வருகிறது. அதற்கு முன்னால் அவர் வேலை போனால், அல்லது வேறு எது நடந்தாலும், உங்கள் இருப்பும் ஆட்டம் காணும். உங்களுக்கு வேலை கிடைத்ததும் சம்பளம் வரம்பைத் தொட்டால் (இன்ஜினியர்கள் பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் வருவதால் வரம்பு குறைவு, 2025ல் வருடத்துக்கு 43,759.80 யூரோ) நீங்களே புளூ கார்டுக்கு மாறிவிடலாம். பி1 ஜெர்மன் இருந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், ஏ1 மட்டும் இருந்தால் 27. சில வீடுகளில் பின்னால் வந்த மனைவிக்குக் கணவருக்கு முன்னால் நிரந்தரம் கிடைத்திருக்கிறது.


கம்பிக்கட்டு:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று எதிர்பார்க்கவே இல்லை. கணவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தோம். சிங்கப்பூரை அவரே பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். ஐசிடி கார்டா புளூ கார்டா என்று அவருக்கும் தெரியவில்லை, எச்ஆருக்கு மெயில் போட்டிருக்கிறார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, மொழி தெரியாத நிலையில் பாவ்ட்சைஷ்னர், அதாவது டிராயிங் போடும் வேலை கிடைத்தால் சேரலாமா, இல்லை பி2 வரும்வரை காத்திருப்பதா? இரண்டாவது, ஒரு ஏஜென்சி பேசியது. கனடாவில் எனக்கே தனியாக வேலை ஆஃபர் வாங்கித் தருகிறார்களாம், அதை வைத்து நிரந்தரக் குடியேற்றத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்குமாம், முன்பணம் கேட்கிறார்கள்.


பனிக்கூரை:

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். ஓடுங்கள். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் (நிரந்தரக் குடியேற்றத்துக்கு மதிப்பெண் போடும் முறை) வேலை ஆஃபருக்குக் கொடுத்த கூடுதல் மதிப்பெண்ணை 2025 மார்ச் 25லேயே எடுத்துவிட்டார்கள். இல்லாத மதிப்பெண்ணை விற்கிறார்கள். வேலை தருவதற்கு வேலை தேடுகிறவரிடம் பணம் வாங்கவே கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997ல் போட்ட 181ஆம் உடன்படிக்கையின் அடிப்படை. கட்டணத்தைத் தருவது கம்பெனி, நீங்கள் இல்லை. உங்களுக்குத்தான் கணவர் மூலமாக ஓப்பன் பெர்மிட் வழி இருக்கிறதே, ஆஃபரே தேவையில்லையே.


மூன்றாம்மாடி:

முதல் கேள்விக்கு என் அபிப்பிராயம்: ஒரு படி இறங்கலாம், துறையை விட்டு இறங்கக் கூடாது. டிசைன் அலுவலகத்துக்குள் டிராயிங் மேஜை என்றால் தாராளமாகச் சேருங்கள். அங்கே தினமும் ஜெர்மன் கம்பிப் பட்டியல், ஜெர்மன் குறியீடு, பக்கத்து மேஜையில் ஸ்டாட்டிக்கர் போனில் சண்டை போடுவது எல்லாம் காதில் விழும், வகுப்பில் கிடைக்காத மொழி அது. ஆனால் சேரும்போதே பேசிக்கொள்ளுங்கள். இங்கே தகுதிகாண் காலம் அதிகபட்சம் ஆறு மாதம், அது முடியும்போது ஒரு உட்கார்ந்து பேச்சு எப்படியும் நடக்கும். "அந்தப் பேச்சில் எனக்கு ஒரு சின்னக் கட்டடத்தின் கணக்கைக் கொடுப்பது பற்றி முடிவெடுப்போம்" என்று இன்டர்வியூவிலேயே சொல்லிவிடுங்கள். ஜெர்மன்காரர்கள் இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், குறித்து வைத்துக்கொள்வார்கள். ஒன்றரை வருடம் ஆகியும் டிராயிங்கே கொடுத்தால் அலுவலகத்தை மாற்றுங்கள். அதற்கு மேல் இருந்தால் அடுத்தவர் கண்ணிலும் நீங்கள் டிராயிங் ஆள்தான்.

கல்யாணமோ, குழந்தையோ, மொழியோ, எந்தக் காரணத்துக்காக இடைவெளி விழுந்தாலும் ரெஸ்யூமேயில் மறைக்க வேண்டாம். "இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை குடும்பத்தோடு இடமாற்றம், ஜெர்மன் பி1" என்று ஒரு வரி. இங்கே மாதம் விட்டுப்போனால்தான் சந்தேகப்படுவார்கள்.

அரசு நடத்தும் ஒருங்கிணைப்பு வகுப்பு 600 பாட நேரம் மொழி, 100 பாட நேரம் பொது அறிவு, முடிவில் பி1. அது தாண்டி பி2வுக்குத் தொழில்சார் மொழி வகுப்பு தனியாக இருக்கிறது. பி1 முடிந்த அன்றே அதற்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.


அரைச்சம்பளம்:

இன்னும் ஒன்று, கணவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது. இடமாற்றப் பொட்டலத்தில் விமான டிக்கெட், சாமான் அனுப்புவது, ஒரு மாத ஹோட்டல் என்று போட்டிருப்பார்கள். அதில் உங்களுக்கென்று கேளுங்கள்: துணைவரின் மொழி வகுப்புக் கட்டணம், பட்ட மதிப்பீட்டுச் செலவு, உங்கள் அனுபவச் சான்றும் மதிப்பெண் பட்டியலும் வாங்கி முடிக்கும் அளவுக்கு அவர் சேரும் தேதியைத் தள்ளிவைப்பது, அப்புறம் ஜெர்மனி என்றால் உள்ளூர் ஒப்பந்தமும் புளூ கார்டும். பெரிய கம்பெனிகள் துணைவருக்கு வேலை ஆலோசனை என்று ஒரு தொகை ஒதுக்கியே வைத்திருக்கும், கேட்காதவருக்குச் சொல்ல மாட்டார்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆஃபர் கடிதத்திலேயே வர வேண்டும். அவர் போய்ச் சேர்ந்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.


கம்பிக்கட்டு:

இதை யோசிக்கவே இல்லை. மெயிலில் இதையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். யூரோகோடு பிடிஎஃப் வேலையை இந்த வாரமே ஆரம்பிக்கிறேன் @மூன்றாம்மாடி, பனிச்சுமைப் பக்கத்தை முடித்ததும் உங்களுக்கு அனுப்பினால் ஒரு பார்வை பார்ப்பீர்களா?


மூன்றாம்மாடி:

அனுப்புங்கள். அலகுகளைக் கிலோநியூட்டனிலும் தசமத்துக்குப் புள்ளிக்குப் பதில் கமாவிலும் போட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் நான்கூடப் படிக்க மாட்டேன்.